ஜட்ஜம்மாவுக்கு அண்ணி எழுதிய ஒரு பக்கம்

என் அண்ணிக்கு எங்கே போனாலும் தலை எண்ணும் வியாதி உண்டு. கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் நின்று எண்ணுவார். மருத்துவமனையில் முறைக்காகக் காத்திருக்கும்போதும் உதடு அசையும். "எத்தனை அண்ணி?" என்று கேட்டால் சட்டென்று சொல்வார். பதினோரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். யார் எங்கே ஏறினார்கள், எங்கே இறங்க வேண்டும், யார் தூங்குகிற மாதிரி நடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எதையும் எழுதி வைத்துப் பார்த்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மகன் பிறந்தபோது அவனை நம்பி விட்டுவிட்டுப் போக ஓர் இடம் கிடைக்கவில்லை. வேலையை விட்டார். "சும்மாதானே இருக்கே, என் பொண்ணையும் கொஞ்சம் பாத்துக்கோயேன்" என்று பக்கத்து வீட்டு நர்ஸ் ஒரு பிள்ளையைத் தலையில் கட்டினாள். யார் அந்த 'சும்மா'வைக் கண்டுபிடித்தார்களோ, என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. ஆறே மாதத்தில் அண்ணியின் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு இரண்டு.

அப்புறம்தான் சட்டம் வந்தது. பிறர் வீட்டுச் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பயிற்சி எடுக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். இத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு. வாசல் கதவின் உயரத்துக்குக்கூட விதி. நாற்பது வயதில் அண்ணி பரீட்சைக்குப் படித்தார். என் அண்ணன் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் தூங்கிவிடுவார். அண்ணி தேறிவிட்டார். வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் காப்பகம் ஆனது.

இப்போது இரண்டு வயதுக்கு மேற்பட்ட பன்னிரண்டு பிள்ளைகள். நாலு பேருக்கு ஒருவர் என்று மூன்று பெரியவர்கள்: அண்ணி, உதவிக்கு இருக்கும் நெட்டையக்கா, புதிதாகப் பட்டயம் வாங்கி வந்த படிப்பாளி. நான் சமையல். சமைக்கிறவள் அந்தக் கணக்கில் வரமாட்டாளாம். எனக்கு நாற்பத்தாறு வயது, முட்டிவலி இருக்கிறது, ஆனால் சட்டத்தின் கண்ணில் நான் பெரியவளே இல்லை. இந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பன்னிரண்டு பேரில் ஒருத்தியை ஜட்ஜம்மா என்று கூப்பிடுவோம். இரண்டே முக்கால் வயது. வந்து நாலு மாதமாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை, வீட்டிலும் அப்படித்தானாம். சமையலறையின் அரைக்கதவுக்குப் பக்கத்தில் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்து, எல்லோரையும் விசாரணைக்குக் கொண்டுவந்த மாதிரி பார்ப்பாள். மருந்துக்கடையில் வேலை செய்யும் அவள் அம்மா தினமும் சாயங்காலம் கேட்டில் நின்று, "இன்னைக்கு ஏதாவது பேசினாளா?" என்பாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிடும்.

அண்ணி பொய் சொல்லமாட்டார், பயமுறுத்தவும் மாட்டார். "பேசலம்மா. ஆனா இன்னைக்கு ரெண்டு பேரு பொம்மைக்கு அடிச்சுக்கிட்டாங்க. இவ எழுந்து போயி, பொம்மையை வாங்கி, யாரு முதல்ல வச்சிருந்தானோ அவன்கிட்டயே குடுத்துட்டு வந்து உக்காந்துட்டா. ஒண்ணு விடாம கவனிக்கிறா." அந்தப் பெண் கொஞ்சம் நிமிர்ந்து வீட்டுக்குப் போவாள்.

இப்படி இருக்கையில் ஆய்வாளர் அம்மா வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் அண்ணி மடைதிறந்த மாதிரி சொன்னார். அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் சரிங்க. ரெண்டு வயசு முடிஞ்சு மூணு ஆகாத பிள்ளைக்கு வளர்ச்சி அறிக்கை எழுதி அம்மா அப்பாகிட்ட குடுக்கணுமே, அது எங்க?"

"தினமும் கேட்ல நின்னு சொல்லிடுறேங்க."

"சொன்னா பத்தாது, எழுதிக் குடுக்கணும். மூணு மாசம் கழிச்சு வருவேன். அப்பவும் இல்லன்னா பதிவை ரத்து பண்றதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

அண்ணிக்கு முகம் செத்துவிட்டது. பதிவு போனால் காப்பகம் போச்சு. பன்னிரண்டு வீட்டில் யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும். எரிகிற தீயில் படிப்பாளி எண்ணெய் ஊற்றினாள். "என் ஃபிரெண்ட் வேலை பாக்குற இடத்துல ஒவ்வொரு பிள்ளைக்கும் தலகாணி சைஸுக்கு ஃபைல் வச்சிருக்காங்க அக்கா."

மறுநாளே பன்னிரண்டு ஃபைல் வந்து இறங்கியது. மூன்று பெரியவர்களும் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்கள். 'பத்து மணிக்குச் சிவப்புக் கட்டையை எடுத்தான்.' 'பத்தேகாலுக்குச் சிவப்புக் கட்டையை வைத்தான்.' எப்போதும் தரையில் பிள்ளைகளோடு உருண்டுகொண்டிருக்கும் அண்ணி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கட்டிய கோபுரத்தைக் காட்ட ஓடிவந்தவனுக்கு, "இரு கண்ணு, எழுதிட்டு வரேன்." எழுதி முடிப்பதற்குள் கோபுரம் விழுந்துவிடும். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

மூன்றாவது வாரம். சூப் பானையைத் தூக்கிக்கொண்டு அரைக்கதவுக்கு வந்தேன். வழக்கமாக அங்கே நின்று "சூடு, சூடு, தள்ளு தள்ளு" என்று கத்துவேன். வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து ஒரு குரல்.

"சூடு."

ஜட்ஜம்மா. பானையைப் பார்த்து, விரலை நீட்டி, தெளிவாக. பானையை உள்ளே வைத்துவிட்டு ஓடினேன். கூடத்தில் மூன்று தலைகளும் குனிந்திருந்தன. அண்ணியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஜட்ஜம்மாவின் ஃபைல்தான். 'இன்னும் சொற்கள் இல்லை' என்று எழுதி, அப்போதுதான் புள்ளி வைத்தார்.

"அண்ணி, அவ பேசிட்டா! பத்தடி தூரத்துல உக்காந்துக்கிட்டு பேசலன்னு எழுதுறீங்க!"

அண்ணி எழுந்து போய் ஜட்ஜம்மாவைத் தூக்கிக்கொண்டார். சந்தோஷத்தில் சிரித்தார், உடனே கண் கலங்கிவிட்டது. "பதினோரு வருஷத்துல ஒரு ஆளைக்கூட நான் ஸ்டாப்புல விட்டுட்டுப் போனதில்ல. இவளை விட்டுட்டேனே."

எனக்கு வந்த கோபத்தில், பதிவின்போது கொடுத்து அலமாரியிலேயே கிடந்த சட்டப் புத்தகத்தை உருவினேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சூப் ஆறுகிற நேரத்தில் நின்றபடியே படித்தேன். கோபத்தோடு படித்தால் ஒரு வரிகூட விட்டுப்போகாது. இரண்டு வயது அறிக்கை சுருக்கமாக இருந்தால் போதும் என்று போட்டிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில், பதிவு எழுதுவதற்காகப் பிள்ளைகளை விட்டு நீண்ட நேரம் விலகக் கூடாது, தேவைக்கு மேல் எழுதவும் வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மூன்று முறை உரக்கப் படித்தேன்.

"அய்யோ அத்தை, இது பரீட்சைக்கு வந்துச்சே! நான் எழுதினேனே!" என்றாள் படிப்பாளி.

"எழுதினே சரி. எழுதிட்டு மறந்துட்டே."

முதலில் சிரித்தது அவள்தான். எண்ணிப் பார்த்தால் மூன்று வயது ஆகாத, அறிக்கை தரவேண்டிய பிள்ளைகள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு பக்கம். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் இரண்டே நாளில் அண்ணி எழுதி முடித்தார். மிச்சமிருந்த வெள்ளைத் தாள் எல்லாம் படம் வரையப் போனது. அண்ணி திரும்பத் தரைக்கு வந்தார்.

மூன்று மாதம் கழித்து ஆய்வாளர் அம்மா வந்தார். அண்ணி முற்றத்திலிருந்து பிள்ளைகளை உள்ளே அழைத்துவந்து வழக்கம்போல எண்ணினார். "பதிமூணு." முகம் வெளுத்துவிட்டது. மறுபடி எண்ணினார். பதிமூணுதான்.

விளையாட்டு அடுப்புக்கு முன்னால், குட்டி நாற்காலியில், முதுகைக் காட்டி உட்கார்ந்து அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்த உருவம் திரும்பியது. "என்னையும் சேத்து எண்ணிட்டீங்க" என்றார் ஆய்வாளர். நெட்டையக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் அவர் கையிலிருந்தது ஜட்ஜம்மாவின் பக்கம். கடைசி வரியை உரக்கப் படித்தார்: "முதல் சொல்: சூடு. கேட்டவர்: சமையலறை அத்தை." கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். "சமைக்கிறவங்க ஆள் கணக்குல வரமாட்டாங்களே?"

"வரமாட்டாங்கதான். ஆனா கேட்டது அவங்கதாங்க. நான் கேட்டேன்னு எப்படி எழுத முடியும்?" என்றார் அண்ணி.

என் பெயரால் காப்பகம் மூடப்போகிறது என்றே நினைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஜட்ஜம்மா எழுந்தாள். விளையாட்டு அடுப்பிலிருந்து ஒரு வெற்றுக் கோப்பையை எடுத்து ஆய்வாளரிடம் நீட்டினாள். "சூடு. மெதுவா."

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார். இரண்டாவது கோப்பையும் முடிந்த பிறகுதான் அண்ணியைப் பார்த்து, "பதிவுக்கு ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க" என்று சொன்னார்.

அவர் போனதும் அண்ணி கூடத்தில் நின்று மறுபடி எண்ணினார். "பிள்ளைங்க பன்னிரண்டு. பெரியவங்க நாலு."

"சட்டப்படி மூணு, அண்ணி."

"சட்டம் எனக்குத் தெரியும். நீ போய் சூப்பை எடுத்துட்டு வா, பிள்ளைங்க பசியில இருக்காங்க."

பானையைத் தூக்கிக்கொண்டு அரைக்கதவுக்கு வந்து வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் பன்னிரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்: "சூடு, சூடு, தள்ளு தள்ளு!" எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் ஜட்ஜம்மா.