வெங்காயோமேட்டிக்கின் வால்

என் மானத்தை நானே முதலில் வாங்கிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், ‘துருவோமேட்டிக்’ என்ற பெயருக்காகவே ஆன்லைனில் ஒரு மிஷின் வாங்கினேன். பெட்டியைப் பிரித்து ஒயரைத் தேடினேன். இல்லை. பேட்டரி போடும் இடத்தைத் தேடினேன். அதுவும் இல்லை. கடைசியில் என் மனைவி வந்து கைப்பிடியைச் சுற்றிக் காட்டினாள். தேங்காய்ப் பூ விழுந்தது. “மேட்டிக் யாருன்னு தெரிஞ்சுதா? நீங்கதான்” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தேங்காய் துருவுவது நான்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் அவள் தம்பி ராசு, தான் செய்த மிஷினுக்குப் பெயர் கேட்டான். ராசு பெரம்பலூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். மிஷின், சின்ன வெங்காயத்தின் தாளை வெட்டுவது. கொஞ்சமும் யோசிக்காமல் ‘வெங்காயோமேட்டிக்’ என்று அனுப்பினேன். எழுத்து பெரிதாக இருக்கட்டும், ரோட்டில் போகிறவன் நின்று படிக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதினேன். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை அதற்கு வெள்ளோட்டம். பெயர் வைத்தவன் போகாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

திருச்சியிலிருந்து காலை ஆறரை மணி பஸ். பெரம்பலூருக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். ஒன்றே கால் மணி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். பாடாலூர் தாண்டியதும் ரோட்டோரத்தில் வெங்காய மூட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். இறங்கிய இடத்திலேயே பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். சாம்பாரில் வெங்காயம் முழுசு முழுசாக மிதந்தது.

ராசுவின் பட்டறை இருக்கும் தெருவே ஒரு வேடிக்கை. அங்கே மோட்டார் வைத்த எதுவும் ‘மேட்டிக்’. ஒரு சின்ன விளக்கு எரிந்தால் அது ‘ட்ரான்’. ஒன்றுமே இல்லாமல் இரும்புக் கம்பியை வளைத்திருந்தால் ‘மாஸ்டர்’. சோளோட்ரான், சாணிமேட்டிக், களைமாஸ்டர் எல்லாம் வரிசையாக நின்றன. இன்னொரு வழக்கமும் உண்டு. முதலில் தகட்டில் பெயர் எழுதி மாட்டிவிடுவார்கள். மிஷினைப் பிறகுதான் கட்டுவார்கள். பெயர் மட்டும் பிறந்து, உடம்பு பிறக்காத மிஷின்கள் அந்தத் தெருவில் நிறைய.

நம்முடையதற்கு உடம்பு இருந்தது. அதைவிடப் பெரிய தகடும் இருந்தது. மஞ்சள் எழுத்துக்கு இடம் போதாமல், தகடு மிஷினைத் தாண்டி வலது பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே பெருமை.

குட்டி யானை வண்டியில் ஏற்றினோம். அரியலூர் ரோட்டில் பதினான்கு கிலோமீட்டர் போய், உள்ளே ஒரு கிராமம். வண்டிக்காரர் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “ஏன் சார், இது மிஷினா, சளிக்குக் குடிக்கிற மருந்தா?” என்றார். ராசு சிரிக்கவில்லை.

“என்ன மாப்ள, ஒரு மாதிரியா வர்ற?”

“சிமென்ட் ஆலைல பழைய வேலைக்கே கூப்புடுறாங்க மாமா. இந்த மகளிர் குழு மிஷினை எடுத்துக்கலன்னா திங்கக்கெழமெ ஷிப்டுக்குப் போயிடணும்னு கவிதா கெடு வச்சுட்டா. பட்டறைய மூட வேண்டியதுதான்.”

கவிதா அவன் மனைவி. பொறுமைசாலி. அவளே கெடு வைத்திருக்கிறாள் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

களத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். மகளிர் குழுவின் தலைவி தங்கப்பொண்ணு அக்கா. வெற்றிலை வாயோடு தகட்டைப் பார்த்து, “பேரே வயித்த நெறைக்குதே தம்பி” என்றார். மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்தார்கள். ராசு நின்றபடி ஒரு கைப்பிடி வெங்காயத்தைப் போட்டான். உருளை தாளை இழுத்தது, கத்தி வெட்டியது, வெங்காயம் கூடையில் உருண்டது. நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

பெண்கள் வழக்கம்போல மிஷினைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். வெங்காயத் தாள் அரிவது உட்கார்ந்து செய்கிற வேலை. ராசுவும் அதற்கேற்ப மிஷினின் வாயைத் தாழ்வாகத்தான் வைத்திருந்தான், வலது பக்கத்தில். அந்த வாய்க்கு நேர் எதிரில், அவர்கள் மூக்குக்கு முன்னால், ‘மேட்டிக்’ நின்றது. ராசு ஆறடி உயரம்; பட்டறையில் எப்போதும் நின்றுகொண்டு, தகட்டுக்கு மேலாகக் கையை விட்டே ஓட்டிப் பார்த்திருக்கிறான். உட்கார்ந்தவர்களுக்குக் கை எட்டவில்லை.

“நின்னுக்கிட்டுப் போடலாங்க அக்கா.”

“நாள் முழுக்க நிக்கணுமா? சாயங்காலம் எங்க காலுக்கு ஒங்க மேட்டிக் வந்து எண்ணெ தேய்க்குமா?” என்றார் தங்கப்பொண்ணு அக்கா. களமே சிரித்தது. அவரே தொடர்ந்தார்: “மிஷினு நல்லாத்தான் இருக்கு. அந்த வால வெட்டிப் போடு, எடுத்துக்கறோம்.”

வண்டியில் கட்டிங் மிஷின் இருந்தது. ராசு அதைக் கையில் எடுத்தான். பிறகு என்னைப் பார்த்தான். “மாமா வச்ச பேரு அக்கா...” என்று இழுத்தான். பட்டறையே போகிற நேரத்தில் மாமன் மனசு நோகுமே என்று நிற்கிறான் பாவி! அத்தனை பெண்களும் இப்போது என்னைப் பார்த்தார்கள். துருவோமேட்டிக்குக்கு முன்னால் நின்றதைவிடக் கேவலமாக இருந்தது.

“வெட்டு மாப்ள” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காய நெடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொறி பறந்தது. ‘மேட்டிக்’ தரையில் விழுந்தது. மிஷினில் ‘வெங்காயோ’ மட்டும் மிஞ்சியது, யாரோ ஒப்பாரி வைப்பதுபோல. பெண்கள் உட்கார்ந்தபடியே மதியச் சாப்பாட்டுக்குள் ஆறு மூட்டையை முடித்தார்கள். “இது இங்கயே கெடக்கட்டும் தம்பி. இன்னொன்னும் செய்யி, இடது கைக்காரிக்குத் தோதா” என்றார் தலைவி. ராசு உடனே கவிதாவுக்குப் போன் போட்டான். ஆலைக்கு வரவில்லை என்று நீயே சொல்லிவிடு என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

திரும்பும்போது அரியலூர் வழியாக வந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் போவதால் பஸ்ஸில் ஜன்னலைச் சாத்திக்கொள்வது நல்லது. மாலை ரயிலில் திருச்சி; ரயில் டிக்கெட் பஸ்ஸைவிட மலிவு. நீங்களும் மிஷின் பார்க்கப் போவதாக இருந்தால் தை மாதம் போங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். வாங்குவதற்கு முன் அதை ஓட்டப்போகிறவரை அதன் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். பெயரின் வாலில் தொங்குவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வேலை செய்யும் கைகளுக்கு அந்த வாலால் ஒரு பயனும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

நேற்று ராசு ஒரு போட்டோ அனுப்பினான். வெட்டிப் போட்ட ‘மேட்டிக்’கைத் தங்கப்பொண்ணு அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போய், தன் மொபெட்டின் முன்னால் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார். வண்டி இப்போது முன்னைவிட வேகமாகப் போகிறதாம்.