தெருத் தண்ணீர் எங்கள் வீட்டு வழியாகப் போன நாள்

தண்ணீரில் ஊறிய மண் சுவருக்கு ஒரு வாசனை உண்டு… முதல் மழையின் வாசனை இல்லை அது. புளித்த கூழ் மாதிரி மூக்கில் ஏறும். அந்த வாசனை வந்தால் சுவர் இளக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

நேற்று மழை பெய்தபோது அது நினைவுக்கு வந்தது. மெதுவாகத்தான் எழுதுகிறேன் நண்பர்களே. தலை நரைத்த பிறகு எழுத்துக் கற்றவன் நான். கற்றுக் கொடுத்தவள் என் மனைவி கன்னியம்மா. ஆகவே முதலில் எழுதுவதும் அவளைப் பற்றித்தான்.

கொத்து வேலைக்காக நகரியிலிருந்து திருப்பதிக்கு வந்தவர்கள் நாங்கள். எங்கள் தெரு வடைச்சட்டி மாதிரி, நடுவில் பள்ளம். மலையில் மழை பெய்தால் மேட்டுத் தண்ணீரெல்லாம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வரிசைக்குப் பின்னால் ஆழமான ஓடை ஒன்று உண்டு. ஆனால் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றதால் தண்ணீர் அங்கே போக ஒரு சந்து கூடக் கிடையாது. தெருக்கோடியில் இருந்த சின்னக் கால்வாய்தான் ஒரே வழி.

நான் மேஸ்திரி இல்லையா… என் வீட்டு வாசற்படியை முழங்கால் உயரத்துக்குக் கட்டி, மேலே கருங்கல் பதித்து வைத்திருந்தேன். தெருவில் எவ்வளவு நின்றாலும் ஒரு சொட்டு உள்ளே வராது.

"மேஸ்திரி வூட்டுக்குப் போறியா? ஏணி எடுத்துக்கினு போ" என்று தெருவே கிண்டல் செய்யும். எனக்கு அது பாராட்டு மாதிரிதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை தவறாமல் கன்னியம்மா அந்தப் படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள்.

ஒரு கார்த்திகை மாதம். அதுவும் வெள்ளிக்கிழமைதான். விடிந்து கதவைத் திறந்தால் தெரு முழுக்கத் தண்ணீர். தெருக்கோடிக் கால்வாய் மண்ணும் குப்பையும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. ஆட்கள் இறங்கிக் குத்திப் பார்த்தார்கள், அசையவில்லை. மழையும் விடவில்லை.

எதிர்வீட்டில் முனிரத்தினம். மார்க்கெட்டில் மூட்டை வண்டி இழுத்தவன், தெலுங்குக்காரன். இடுப்பெலும்பு முறிந்து, காலில் எடை கட்டிக் கட்டிலில் கிடந்தான். அவனை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலோடு தூக்கலாம் என்றால் கட்டில் வாசலுக்குள் நுழையாது. அவன் வீடோ மண் சுவர். கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து உயர்த்திவிட்டோம். சுவரை எப்படி உயர்த்துவது?

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. அவன் சுவரின் அடியிலிருந்து மண் ஒரு கட்டி நழுவித் தண்ணீரில் விழுந்ததை நானும் கன்னியம்மாவும் எங்கள் வாசலிலிருந்து பார்த்தோம்.

"இன்னாய்யா பாத்துக்கினு கீற? நம்ம படிய ஒடை" என்றாள்.

"வாசப்படியவா?"

"முன்னால ஒடைச்சா தண்ணி பின்வாசல் வழியா ஓடைக்குப் பூடும். ரெண்டு கதவும் நேருக்கு நேர்தான கீது?"

"வெள்ளிக்கெழமைடி… இப்பதான் மஞ்சள் பூசிகீற."

"அந்தச் செவுரு வியுந்துச்சின்னா, அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் இதுக்கு மஞ்சள் பூசறது?"

அவள் அரிசியையும் பாயையும் பரண் மேல் ஏற்றினாள். சாமி படத்தைக் கழற்றினாள். நான் கடப்பாரையை எடுத்தேன். நான் கட்டியது லேசில் உடையுமா? கை காய்ப்புக் கழன்று வந்தது.

கட்டிலில் கிடந்தபடியே முனிரத்தினம் கத்தினான். "வத்து அன்னா, நீ இல்லு பாடைப்போதாதி." வேண்டாம், உன் வீடு பாழாகிவிடும் என்கிறான்.

"நீ மூடிக்கினு படுடா" என்றாள் கன்னியம்மா.

கருங்கல் புரண்டது. தண்ணீர் உள்ளே வந்தது. கூடம், அடுப்பங்கரை, பின்வாசல், ஓடை… விருந்தாளி மாதிரி இல்லை, வீட்டுக்காரன் மாதிரி போனது. முருங்கைக் கிளை, ஒற்றைச் செருப்பு, யார் வீட்டுத் துடைப்பமோ, எல்லாம் கூடத்தைத் தாண்டிப் போயின.

மூன்றாம் வீட்டு அம்மா குரல் கொடுத்தாள். "மேஸ்திரி, என் கொடம் அந்தாண்ட வந்துச்சா?"

"இப்பதான் அடுப்பங்கரைக்குப் போச்சு. காபி குடிச்சிட்டு வரும், இரு."

மதியத்துக்குள் எதிர்ச் சுவரில் தண்ணீர்க் கறை தனியாகத் தெரிந்தது, தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. சுவர் நின்றது. சாயங்காலம் தெருவே மண்வெட்டியோடு வந்து எங்கள் வீட்டுச் சேற்றை வாரியது. முனிரத்தினம் மனைவி எங்களுக்குச் சோறு ஆக்கி அனுப்பினாள்.

நான் மறுபடி படி கட்டவில்லை. அதற்குப் பதிலாகக் கூடத்துத் தரையைத் தோண்டி, வாசலிலிருந்து ஓடை வரைக்கும் ஒரு வாய்க்கால் கட்டினேன். மேலே கடப்பா கல் பாவினேன். வாசலில் இரும்புக் கம்பி மூடி. கல்லும் சிமெண்ட்டும் தெருக்காரர்கள் தந்தது, கை என்னுடையது.

முனிரத்தினம் எழுந்து நடந்தான். நிறைய வருஷம் அந்தக் கடப்பா கல் மேல் உட்கார்ந்து என்னோடு தாயம் ஆடினான். இப்போது அவன் இல்லை. மண் சுவர் இருந்த இடத்தில் அவன் மகன் மாடி வீடு கட்டிவிட்டான்.

இப்போது தெருவுக்கு சிமெண்ட் ரோடு, பெரிய டிரைனேஜ் எல்லாம் வந்துவிட்டது. மழை வந்தால் எல்லோரும் கேட்டைச் சாத்திக்கொண்டு போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறார்கள். யார் வீட்டுக் குடம் எங்கே மிதக்கிறது என்று கேட்க ஆள் இல்லை…

"இந்த வாய்க்கால மூடிட்டு டைல்ஸ் போட்லாம்பா" என்று என் மகன் சொல்லிக்கொண்டே இருப்பான். நேற்று பெரிய டிரைனேஜ் பிளாஸ்டிக் அடைத்து நின்றுவிட்டது. கூடத்தில் எங்கள் காலுக்கடியில் தெருத் தண்ணீர் சலசலவென்று போனது. மகன் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். டைல்ஸ் பேச்சே எடுக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மழை விட்டிருக்கிறது. வாசலில் கன்னியம்மா குனிந்து, அந்த இரும்பு மூடிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறாள்.