சித்தியின் மூக்கும் மூன்றாவது ஓடும்

சூரியன் எங்கள் சித்தியைக் கண்டால் எழுந்து நின்று நாற்காலி எடுத்துப் போடுவான். இதில் கொஞ்சம் அளப்பு இருக்கிறது. ஆனால் அவள் பார்க்கும் வேலை அப்படி. சூரியனுக்குள் நடப்பதை ஓர் எஃகு அறைக்குள் நடத்திக்காட்டப் பார்க்கிறார்கள். உள்ளே கொதிக்கும் பிளாஸ்மா என்ற நெருப்பு வாயு சுவரைத் தின்றுவிடாமலிருக்க, எளிதில் உருகாத டங்ஸ்டன் உலோகத்தில் தீப்பெட்டி அளவு ஓடுகள் பதிக்க வேண்டும். அவற்றைச் செம்புக் கட்டியில் ஒட்டுபவள் சித்தி. ஓட்டுக்கு முன்னால் நெருப்பு, பின்னால் குழாய்த் தண்ணீர். நடுவில் ஒட்டு விட்டால் போச்சு.

பத்தாம் வகுப்பு அறிவியலோடு இரண்டு முறை மோதி இரண்டு முறையும் விழுந்தவள் நான். எனக்கே புரியும்படி சொன்னாள்:

"நானும் உங்கம்மாவும் கைகோத்துக் கடைக்குப் போறோம். அவ ஓடுவா, நான் ஊர்ந்து வருவேன். கை என்னாகும்?"

"பிச்சுக்கும்."

"அதேதான். சூட்டுல செம்பு வேகமா விரியும், டங்ஸ்டன் மெதுவா விரியும். அதான் நடுவுல மெத்துனு ஒரு தகடு வைக்கிறோம். அது நீ. ரெண்டு பக்கமும் இழுபடணும்."

முதல் ஓடு சோதனையில் கழன்று விழுந்தது. காரணம் சித்தியின் மூக்கு. கையுறை போட்ட விரலால் மூக்கைச் சொறிந்துவிட்டு, அதே விரலால் ஓட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டிருக்கிறாள். கடுகளவு பிசுக்கு. அங்கே ஒட்டு பிடிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில்கூட மூக்கு அரித்தால் தோளில்தான் தேய்க்கிறாள். கோழி இறகு வைத்துச் சோதித்துவிட்டேன், கை அசையவில்லை.

இரண்டாவதில் நடுத்தகடு கிழிந்தது. மூன்றாவதும் போனால் சித்தியின் ஒட்டும் முறையையே மூட்டை கட்டிவிட்டு, அவளைக் குழாய் அறுக்க அனுப்பிவிடுவதாகத் தலைமைப் பொறியாளர் அம்மா சொல்லிவிட்டார்.

சோதனையில் ஓட்டைப் பத்து நொடி சுடுவார்கள், பத்து நொடி ஆறவிடுவார்கள். இப்படி ஆயிரம் முறை. ஒட்டியவர் அந்த அறைப் பக்கமே வரக்கூடாதாம். அவர் முகத்தைப் பார்த்தால் சுடுகிறவருக்குக் கை இளகிவிடுமாம். அதனால் நேற்று மூன்றாவது ஓட்டைச் சுட்டபோது சித்தி வீட்டிலேயே, போனை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தட்டில் காலைச் சாப்பாடு காய்ந்து கிடந்தது.

"ஒரு வாய் சாப்பிடு சித்தி."

"வாய் கசக்குதுடி. போ அந்தப் பக்கம்."

அந்த முகத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கேலி செய்வது? எனக்குத் தொழிலே படுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி அவள் போனை வாங்கினேன். மாடிப்படியில் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, பொறியாளர் அம்மா குரலில் சித்தியைக் கூப்பிட்டேன்.

"உங்க ஓடு தாங்கிடுச்சும்மா. முதல்ல போய்ச் சாப்பிடுங்க."

"ரொம்ப நன்றி மேடம். மேல்பக்கம் எத்தனை டிகிரி போச்சு?"

எனக்குத் தெரிந்த பெரிய சூட்டைச் சொன்னேன். "நூறு!"



"அந்தச் சூட்டுல என் சட்டைச் சுருக்கம்கூடப் போகாது, மேடம். நீ வெளிய போன கையோட நிஜ மேடம் கூப்பிட்டாங்க. ஆயிரமும் தாங்கிடுச்சாம். மூக்கை விடு கழுதை, மூச்சு முட்டப்போகுது. உள்ள வா, பசி உயிர் போகுது."