கூட உட்கார்ந்திருக்கும் வேலை

மற்ற வேலைகளில் சேரும்போது உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள். எங்கள் வேலையில் வியாதி உண்டு என்பதற்கு சர்டிபிகேட் கேட்டார்கள். ஆபீஸ் காகிதத்தில் இதற்கு 'பியர் சப்போர்ட்' என்று பெயர். மனநோயோடு வாழப் பழகிய ஒருத்தர், புதிதாக அதில் மாட்டிக்கொண்டவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். வைத்தியம் பார்க்கக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. மாத்திரையால் நாக்கு வறண்டு, ஆறே மாதத்தில் ரவிக்கைகள் பத்தாமல் போய், "மனசை தைரியமா வச்சுக்கோ" என்று சொந்தக்காரர்கள் சொல்வதையும் கேட்டுக்கொண்டு இருப்பவரா நீங்கள்? அப்படியானால் நமக்குள் தனியாக அறிமுகம் வேண்டாம்.

என் அப்பா கல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்தவர். எனக்கு இருபத்தாறு வயதில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஸ்டெனோ வேலை போயிற்று, நிச்சயமான கல்யாணமும் போயிற்று. பத்து வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில், ஜாதவ்பூரில் ஒரு பகல்நேர மையத்தில் இந்த வேலை கிடைத்தது.

இன்டர்வியூ

மையத்தை நடத்தியவர் ஷர்மிளாதி; வங்காளியில் தீதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணா, பெயரோடு ஒட்டினால் 'தி', 'தா'. அவர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வியே, "இப்போதும் குரல் கேட்கிறதா?" என்பதுதான். கேட்கிறது என்றால் வேலை கிடைக்காது, இல்லை என்றால் பொய். புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே யோசித்தேன். கடைசியில், "சில நாள் மத்தியானம் கேட்கும். நான் பதில் பேச மாட்டேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "கேட்ட எல்லாத்துக்கும் பதில் பேசாத ஆள் இந்த ஆபீஸிலே ஒருத்தர்கூட இல்லை. திங்கட்கிழமை வந்துடுங்க."

பாட்டு டீச்சர்

முதலில் என்னை அனுப்பியது ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு. அப்பா பாங்க் ஆபீசர். ஒரே பெண் கமலா, முப்பது வயது. நாலு வருஷமாக அறையை விட்டு வெளியே வரவில்லை. யாரோடும் பேச்சும் இல்லை. அவள் அம்மா சந்திரா மாமி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டு டீச்சர்னு அக்கம்பக்கத்திலே சொல்லி வச்சிருக்கேன், கோச்சுக்காதேம்மா" என்றாள். எதிர் வீட்டு பௌதி, அந்த வங்காளி அண்ணி, காது கொடுத்துக் கேட்பாளாம். அதனால் கொஞ்சம் பாடிவிடவும் வேண்டுமாம்.

எனக்கும் பாட்டுக்கும் ஜென்மத்தில் சம்பந்தமில்லை. புதன்கிழமைதோறும் போவேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கமலாவின் முதுகோடு என் கதையைப் பேசுவேன்: கை நடுங்கி சாம்பார் கொட்டியது, யாரோ என்னைப் பின்தொடர்வதாக நினைத்து டிராம் மாறி டிராம் ஏறியது. பிறகு பத்து நிமிஷம் சரளி வரிசை, கண்ணை மூடிக்கொண்டு, பௌதிக்காக. சின்ன வயதில் கமலா எட்டு வருஷம் பாட்டுக் கற்றவள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டாவது புதன்கிழமை நான் 'ஸ ரி க' வரைக்கும் போனபோது, சுவர்ப் பக்கமிருந்த முகம் மெல்லத் திரும்பியது. அவள் வாய் திறந்ததுமே சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட கமலாவின் குரல் அது:

"ஏழு வாரமா பொறுத்துண்டேன்க்கா, அந்த 'க' அங்கே இல்லை."

மினிபஸ்

அடுத்த கோடையில் கமலாவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். கரியாஹாட் தாண்டியதும் பஸ்ஸில் கூட்டம் நெருக்கியது. கமலா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திரு என்று சொல்வதில் பிரயோஜனமில்லை, எனக்குத் தெரியும். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் கண்ணுக்கு நேரே முழுக்கச் செருப்புகள். மேலேயிருந்து ஒரு கனவான், "பைத்தியத்தையெல்லாம் பஸ்ஸிலே ஏத்தறாங்க" என்றார்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இவளுக்குக் கூட்டம்னா பயம். எனக்கும்தான். அடுத்த ஸ்டாப்பிலே இறங்கிடறோம்" என்றேன். அவர் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கித் தட்டி, "மெதுவா! லேடீஸ் இறங்கறாங்க, கையிலே குழந்தை!" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார். பஸ் அசையாமல் நின்றது. கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கி எங்களை இறக்கிவிட்டார். குழந்தை எங்கே என்று கனவான் கேட்டது காதில் விழுந்தது. கண்டக்டர் சொன்னது இது:

"வெறும் லேடீஸ்னு சொன்னா அவன் முழுசா நிறுத்த மாட்டான், தாதா."

இரண்டு பேரில் யார்

ரொபின்தா எங்கள் மையத்துக்கு வருகிறவர். முன்பு டிராயிங் மாஸ்டர். அவருக்கு மனநோய் உண்டு என்று ஒரு அரசாங்கச் சான்றிதழ் வாங்க அலிப்பூரில் ஒரு ஆபீஸுக்குப் போனோம். அவர் இஸ்திரி போட்ட பஞ்சாபி ஜிப்பாவில் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நான் வியர்வையில் நனைந்து, கொண்டை அவிழ்ந்து, கை நடுங்க நடுங்க காகிதங்களை எடுத்தேன். குமாஸ்தா எங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு ரொபின்தாவிடம், "ராத்திரி ஒழுங்காத் தூங்கறாங்களா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். ரொபின்தாவும் சளைக்கவில்லை. "இப்போ தேவலை. ஆனா பேச்சுதான் ஜாஸ்தி" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சான்றிதழ் அவருக்குத்தான், வியாதி இரண்டு பேருக்கும் உண்டு, கூட வருவது என் உத்தியோகம் என்று விளக்கினேன்.

குமாஸ்தா சிரிக்கவில்லை. முத்திரை குத்திக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, எங்கள் பின்னாலேயே வராந்தா வரைக்கும் வந்தார். வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்:

"என் தம்பிக்கு சர்டிபிகேட் வேண்டாம் தீதி, உங்களை மாதிரி யாராவது வந்து உட்கார்ந்தா போதும்."

ராஜினாமா

ஒரு துர்கா பூஜை சமயத்தில் எங்கள் தெருப் பந்தலில் கிச்சடி பரிமாறக் கூப்பிட்டார்கள். என் கை நடுங்கி ஒரு பெரியவரின் வேட்டியெல்லாம் கிச்சடி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பொறுக்கவில்லை. நடுக்கம் மாத்திரையால் வருவது. அன்றைக்கே நிறுத்திவிட்டேன். ஊருக்கெல்லாம் துணை போகிறவளுக்கு மாத்திரை எதற்கு என்றும் ஒரு மிதப்பு. மூன்றாவது வாரம், மையத்தின் கூட்டத்தில் நான் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தபோது கமலா கேட்டாள்: "அக்கா, மாத்திரையை எப்போ நிறுத்தினே?" எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தினேன். யாருக்கு யார் புத்தி சொல்வது என்றுகூடக் கேட்டேன். அவள் அழுதாள். ஆனால் போகவில்லை. கடைசியில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, டாக்ஸியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் அவள்தான்.

மூன்று வாரம் உள்ளே இருந்தேன். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நடுக்கத்தைப் பற்றி முன்பே சொல்லியிருந்தால் முன்பே மாற்றியிருப்பாராம். வெளியே வந்ததும் கமலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டு ஷர்மிளாதி முன்னால் போய் நின்றேன். தலை நிமிரவில்லை. அவர் இரண்டு தடவை படித்து, நாலாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்:

"வேலையிலே அனுபவம் மூணு வாரம் கூடியிருக்கு, அதுக்கு யாராவது ராஜினாமா பண்ணுவாங்களா?"

பதினோராவது மாடி

சில வருஷங்களில் கமலாவும் இதே வேலைக்கு வந்துவிட்டாள். அவளுடைய முதல் வீடு, அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த நியூ டவுனில் பதினோராவது மாடி. மகன் கம்ப்யூட்டர் என்ஜினியர், முப்பத்திரண்டு வயது. ஆபீஸில் தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று வேலையை விட்டவர், அம்மாவிடம்கூடப் பேசுவதில்லை. லிஃப்டில் கமலா முந்தானையால் முகத்தை மூன்று தடவை துடைத்தாள். நான் வராந்தாவிலேயே நின்றுகொண்டேன்.

கதவைத் திறந்த அம்மா, டாக்டரம்மா வருவார் என்று எதிர்பார்த்திருக்கிறார். "நோயாளியையா அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டேவிட்டார். நான் முன்னே போக ஒரு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் கமலா நல்ல வங்காளியில், நிதானமாக, "ஆமாம் மாஷிமா. உங்க மகனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிற மாத்திரையைத்தான் நானும் ஆறு வருஷமா சாப்பிடறேன். உள்ளே வரலாமா?" என்றாள். அம்மா வழி விடவுமில்லை, மறுக்கவுமில்லை. அப்போது உள்ளறையிலிருந்து, பேசிப் பல நாளான கரகரத்த ஆண் குரல் கேட்டது:

"எத்தனை மில்லிகிராம்?"

யாரையும் நான் குணப்படுத்தியதில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்கள் நிறைந்த இந்த ஊரில், அதனால் நாலு பேர் நன்றாக இருப்பதையும் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.