தோட்டுக்கு மேலே ஹெட்போன்

வாக்மேன் நல்லதுதான். அதோடு வந்த ஹெட்போன்தான் எமன். கறுப்புப் பஞ்சு ஒட்டிய இரண்டு வட்டம், நடுவே வளைந்த ஒரு தகரப் பட்டை. போட்ட கொஞ்ச நேரத்தில் வட்டம் காது மடலை அழுத்தும், மடல் தோட்டை அழுத்தும், தோட்டின் திருகாணி காதுக்குப் பின்னால் எலும்பில் போய்க் குத்தும். எட்டயபுரம் வருவதற்குள் கழற்றி மடியில் போட்டுவிடுவேன். உடனே பஸ்ஸின் ஸ்பீக்கர் என்னைப் பிடித்துக்கொள்ளும்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் வீடு, குளத்தூரில் டீச்சர் வேலை. வீட்டிலும் என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள், பள்ளியிலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இடையில் ஓடும் அந்தக் கரிசல் பாதை மட்டும்தான் யாரும் என்னைக் கூப்பிடாத நேரம். பருத்தி ஓடும், கம்பு ஓடும், உடைமரம் ஓடும், ஒன்றும் விளையாத வெறும் கறுப்பும் ஓடும். அந்த நேரத்தையும் டிரைவர் தனக்குப் பிடித்த பாட்டால் நிரப்பிவிடுவார். இனி அதைத் தர மாட்டேன் என்று ஒருநாள் தோன்றிவிட்டது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமை வேறு ஹெட்போன் வாங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு பஜாரில் இருந்த ரேடியோ கடைக்குப் போனேன். அவர் பருத்தி மண்டியில் வேலை பார்த்தார். தெரிந்த முகம் யாராவது வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கைப்பையில் ஒரு கேசட். கோயில் திருவிழாவில் நானே பதிந்த நாகஸ்வரக் கச்சேரி.

"இதப் போட்டுக் கேட்டுத்தான் வாங்குவேன் அண்ணாச்சி."

"பொம்பளையாளு ஒருத்தரும் இங்கன வந்து இப்பிடிக் கேட்டது இல்ல டீச்சர்," என்றார் கடைக்காரர்.

"இன்னைக்கு வந்துட்டேம்லா."

அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலாவதில் தவில் தகர டப்பாவாக மாறியது. இரண்டாவதில் இரைச்சல் மட்டும் பெரிதாக இருந்தது. தவிலின் இடப்பக்கத்தில் கழி விழும்போது வயிற்றுக்குள் ஒரு அதிர்வு வருமே, அது எதிலும் வரவில்லை. ஒத்து எங்கே போனது என்றே தெரியவில்லை. நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குழல் அது. கச்சேரியில் அதை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அது வேண்டும். ஒத்தைக் கேட்கப் பிடிக்குமே தவிர, ஒத்து ஊத எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

வீட்டுக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒன்றைக் காட்டினார். காதுக்குள் செருகும் சின்னக் குமிழ்.

"இந்தா, பட்டன் மாதிரி இருக்கு பாரு. முந்தானையப் போட்டுக்கிட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"எதுக்குத் தெரியக் கூடாதுங்கேன்? களவா செய்யுதேன்?"

அது என் காதில் நிற்கவும் இல்லை. தலையை ஆட்டினால் விழுந்தது. கடைக்காரர் பஞ்சு வைத்ததையே மறுபடி நீட்டி, "தோட்டக் கழத்திட்டு மாட்டிப் பாருங்க டீச்சர், உறுத்தாது," என்றார்.

"கடையில வச்சு மூளிக் காதாவா நிப்பா?" என்று வீட்டுக்காரர் பாய்ந்தார்.

இருவரும் என் காதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "என் காது, என் தோடு. ரெண்டுக்கும் தோதா ஒண்ணு எடுங்க அண்ணாச்சி," என்றேன்.

அவர் ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். மைக்செட்காரர் ஒருவர் சொல்லி வரவழைத்து, பிறகு வாங்க வராமல் போன ஹெட்போன். சிரட்டை அளவில் இரண்டு மூடி. காதின் மேல் உட்காராமல் காதையே உள்ளே வாங்கிக்கொண்டது. தோடு, திருகாணி, மடல் எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் எதிலும் இடிக்காமல் இருந்தன. பட்டை கொண்டைக்கு முன்னால் பதிந்தது, பூ நசுங்கவில்லை. வயர் முனையில் செருகும் பின் தடிமனாக இருந்ததால் வாக்மேனுக்குப் பொருந்த இடையில் ஒரு சின்னத் துண்டு மாட்டித் தந்தார்.

கேசட் ஓடியது. முதலில் பஜார் காணாமல் போனது. பிறகு கழி விழுந்தது, வயிற்றில். ஒத்து ஒரு கோடாக நீண்டது. அதன் மேல், அடுத்த வரிக்கு முன்னால், வித்வான் மூச்சை இழுக்கும் சத்தம். ஒரு மனிதர் என் காதருகே மூச்சு வாங்கினார். திருவிழாவில் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தபோதுகூட அது எனக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்காரரின் வாய் அசைந்தது. ஒரு மூடியைத் தூக்கினேன்.

"மைக்செட்காரன் மாதிரி இருக்க. வச்சிட்டு வா."

"மைக்செட்காரருக்குச் சத்தம் தெரியும்லா," என்று சொல்லி மூடியைத் திரும்ப விட்டேன். உறுத்துகிறதா என்று தெரிய நேரமாகும். அதனால் கேசட்டின் ஒரு பக்கம் முடியும்வரை கடையிலேயே நின்றேன். கடைக்காரர் சாப்பாட்டுக்குச் சாத்த வேண்டும் என்று சைகை காட்டினார். நானும் கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினேன். காது வியர்த்தது, அதை மறைக்க மாட்டேன். குத்தவில்லை. வாங்கினேன். இரண்டாக மடித்தால் சோற்றுப் பையில் அடங்கியது.

திங்கட்கிழமை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண் என் தோளைத் தொட்டார். மூடியைத் தூக்கினேன்.

"ஏ தாயி, இந்த வயசுலயே காது போயிட்டாக்கும்?"

"இல்ல சித்தி, இப்பத்தான் வந்திருக்கு."

அவர் அதை நம்பவில்லை. வாரம் முடிவதற்குள் செய்தி மண்டிக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "டீச்சருக்குக் காது கேக்காதாமேன்னு விசாரிக்காவ. பஸ் ஸ்டாண்டு வாரதுக்கு முன்னால அதக் கழத்திப் பைக்குள்ள வச்சிரு. வெளியூர்ல என்னமும் செஞ்சிக்க."

மறுநாள் சாயங்காலம் ஹெட்போனோடுதான் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். ஆட்டோ பிடிக்கவில்லை, குறுக்குச் சந்திலும் நுழையவில்லை. பஜாரின் நடுவே நடந்தேன். பூக்கடை திரும்பிப் பார்த்தது, பலசரக்குக் கடை திரும்பிப் பார்த்தது. தோடு உள்ளே சௌக்கியமாக இருந்தது. மண்டி வாசலில் பொதி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் படியில் நின்றார். என்னைப் பார்த்ததும் வேகமாக இறங்கி வந்து, நாலு பேர் பார்க்க, ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாட்டு முடியக் கொஞ்சம் இருந்தது. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார்.