திரைக்குப் பின்னால் பெண்குரல்

அறுபதுகளின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வந்து வடாலாவில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பகலெல்லாம் இரும்பு ராவுகிற சத்தம். சாயங்காலம் தாராவிக்குத் திரும்பினால் அந்தச் சத்தம் காதுக்குள் இருந்துகொண்டே இருக்கும். அதைக் கழுவித் தள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி கச்சேரி. கோயில் கொடை, பொங்கல் விழா, கல்யாண வரவேற்பு என்று எங்கே மைக் செட் கட்டினாலும் நான் முன்வரிசையில் இருப்பேன். அழைப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்ததே இல்லை.

தாராவியில் அப்போது திருநெல்வேலிக்காரர்கள் நடத்திய ஒரு இன்னிசைக் குழு இருந்தது. தலைவர் டிராம்பே பக்கம் எண்ணெய் ஆலையில் சூப்பர்வைசர். கோவாக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய அக்கார்டியனை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நடுவில் நிற்பார். கிளாரினெட், வயலின், தபலா, பாங்கோஸ் எல்லாம் சுற்றிலும். ஆண் பாட்டுகளை ஒருவர் மைக் முன்னால் வந்து பாடுவார். பெண் பாட்டுகள் மட்டும் மேடையின் ஓரத்தில் கட்டியிருந்த ஒரு பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து வரும்.

அந்தக் குரலுக்குத்தான் கூட்டம் வந்தது. மேலே போகப்போக மெலியாமல் இன்னும் துலக்கமாகிற குரல். பாடுவது செம்பூரில் ஒரு பெரிய அதிகாரியின் மகள், அப்பாவுக்குப் பயந்து திரைக்குப் பின்னால் உட்காருகிறாள் என்று சிலர் சொன்னார்கள். முகத்தில் அம்மைத் தழும்பு என்றார்கள் வேறு சிலர். நானும் அவளுக்கு மனசுக்குள் ஒரு முகம் வரைந்து வைத்திருந்தேன்.

ஒத்திகை எங்கே நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஒரு தோல் கிடங்கு. உப்புத் தூவி அடுக்கிய ஆட்டுத்தோல்களின் நாற்றம் வாசலிலேயே மூக்கில் அறைந்தது. உள்ளே அந்தக் குரல் பாடிக்கொண்டிருந்தது. ஒரு கணம் கண்ணை மூடி நின்றுவிட்டுத் திறந்தேன். பாடிக்கொண்டிருந்தவர் என் வயதுள்ள, மீசை வைத்த ஆள். அந்தக் கிடங்கிலேயே தோலுக்கு உப்புப் போடுகிற வேலை. விரல் முழுக்க வெடிப்பு.

பாட்டு முடிந்ததும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன வே, பொம்பளையத் தேடி வந்தீரா?"

பேசும்போது சாதாரண ஆண்குரல்தான். சின்ன வயதில் ஊரில் சர்ச் பாட்டுக் குழுவில் மேல்குரல் பாடியவராம். மீசை முளைத்துத் தொண்டை உடைந்த பிறகும் பழைய குரல் உள்ளே அப்படியே இருந்ததாம். மேடையேற எந்தப் பெண்ணும் வராத காலம் என்பதால் தலைவர் அவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார். "திரை இருக்க வரைக்கும் நான் ராணி வே" என்றார். எனக்கு ஏமாற்றமாகவே இல்லை. நான் வரைந்து வைத்திருந்த முகம்தான் போனது. குரல் அங்கேயேதான் இருந்தது.

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள். கோவண்டியில் ஒரு குடும்பத்தில் அவருக்குப் பெண் பேசி நிச்சயமும் ஆயிற்று. அந்தப் பெண் இந்தக் குழுவின் பாட்டை இரண்டு முறை கேட்டிருக்கிறாள். "அந்தக் குழுவுல ஒரு அக்கா பாடுவாங்களே, உங்களுக்குத் தெரியுமா?" என்று அவரிடமே கேட்டிருக்கிறாள். இவர் காட்டிக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் வீட்டில் வைத்துப் பாடிக் காட்டி அவளைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை.

செம்பூரில் ஒரு மைதானத்தில் சாயங்காலக் கச்சேரி. நல்ல கூட்டம். கோவண்டிப் பெண்ணும் அண்ணன்மாரோடு வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பெண் பாட்டில் சரணம் நடந்துகொண்டிருந்தபோது முன்னால் நின்ற நாலைந்து இளவட்டங்கள், "மூஞ்சியக் காட்டு!" என்று கத்தத் தொடங்கினார்கள். ஒருவன் மேடையேறித் திரையைப் பிடித்து இழுத்தான். கயிறு அறுந்து பச்சைத் துணி அவர் தலைமேலேயே விழுந்தது. துணியை விலக்கிக்கொண்டு மீசையோடு ஒரு முகம் வெளியே வந்தது. அவர் பாட்டை நிறுத்தவில்லை. சரணத்தை விடக்கூடாது என்ற பழக்கம். ஆண்முகத்திலிருந்து பெண்குரல் வந்துகொண்டே இருந்தது.

மைதானம் முழுக்க ஒரு சிரிப்பு எழுந்தது. அந்த மாதிரிச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெரியவர்கள், குழந்தைகள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண்கள், எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒரு சேலையை மேடைக்கு வீசினார்கள். திரையை இழுத்தவன் அதை எடுத்து அவர் தோளில் சுற்றி, தலையில் முக்காடு போட்டுவிட்டான். அவர் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்ஸ் மோர்!" என்றது கூட்டம்.

தலைவர் குனிந்து, "சனங்க சந்தோசமா இருக்காவல்ல, பாடுலே" என்று சொல்லிவிட்டு அக்கார்டியனை விரித்தார்.

அவர் பாடினார். சுருதி கொஞ்சம்கூட விலகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அவ சிரிச்சாளா வே?"

"கூட்டத்துல பாக்கல" என்றேன்.

"பொய் சொல்லாதீரும். மேடையில இருந்தா எல்லாந் தெரியும்."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, அண்ணன் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அந்த வாரமே அவள் அப்பா தாராவிக்கு வந்து நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். தெருவே கேட்கும்படி, "எம்மவளுக்கு மாப்பிள்ளதான் தேடுனேன். இன்னொரு மவளத் தேடல" என்றார். தெரு சிரித்தது. தகப்பனாருக்கும் தன் பேச்சு பிடித்துப்போய், திரும்பிப் போகும்போது டீக்கடையில் நின்று அதையே இன்னொரு முறை சொன்னார்.

அதற்குப் பிறகு கச்சேரி பேச வந்தவர்கள் எல்லாம் சேலைக்காரன் வருவானா என்று முதலில் கேட்டார்கள். தலைவர் திரையைக் கழற்றிவிட்டார். சேலை, ஜடை, கண்ணாடி வளையல் எல்லாம் வாங்கி வந்தார். மீசையை எடுக்கச் சொன்னார். அப்புறம் அவரே யோசித்து, "வேண்டாம், மீச இருந்தாத்தான் சிரிப்பு வரும்" என்றார்.

"போகாதீரும் வே" என்று நான் சொன்னேன்.

"சேலையக் கட்டுனா பாடலாம். கட்டலன்னா பாட முடியாது. நான் என்ன செய்யணும், நீரு சொல்லும்."

ஒவ்வொரு கச்சேரிக்கும் போனேன். சேலையிலும் அவர் பாட்டு பாட்டாகத்தான் இருந்தது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. இடுப்பை ஆட்டச் சொல்வார்கள். ஆட்டாவிட்டால் தக்காளி வரும்.

பிறகு மாதுங்காவிலிருந்து நிஜமாகவே ஒரு பெண் பாட வந்தாள். டைப்பிஸ்ட். சுமாரான குரல், அழகான முகம். பெண் பாட்டுகளெல்லாம் அவளுக்குப் போயின. இவருக்கு இடைவேளைக்கு முன் ஒரு வேடிக்கைப் பாட்டு மட்டும். இவர் தலைவரிடம் கெஞ்சி, தன் சொந்தக் குரலில், வேட்டி சட்டையில், ஒரே ஒரு பாட்டுக்கு அனுமதி வாங்கினார். வடாலாவில் ஒரு கோயில் கொடையில் அது நடந்தது. நன்றாகவே பாடினார் என்று சொல்ல எனக்கு ஆசை. அப்படியில்லை, சுமார்தான். இத்தனை வருஷமும் அந்தக் குரலை அவர் பழக்கவேயில்லை. முதல் சரணம் முடிவதற்குள், "ஏ அக்கா, சேல எங்க?" என்று ஒருவன் கத்தினான். வாழைப்பழத் தோல் ஒன்று வந்து சட்டையில் ஒட்டியது. அவர் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கிலிருந்து விலகி நின்றார். எனக்குத் தெரிந்து அவர் சரணத்தை விட்டது அந்த ஒருமுறைதான்.

தலைவர் மைக்கைப் பிடித்து, "அக்காவுக்கு இன்னைக்குத் தொண்ட சரியில்ல" என்றார். செம்பூரைவிடப் பெரிய கைதட்டல்.

அந்த மாதமே கிடங்கு வேலையை விட்டார். தெருப் பிள்ளைகள் 'அக்கா' என்று கூப்பிடுவது நிற்கவில்லை. அதனால் குடியிருந்த ஒற்றை அறைக் கோலியையும் காலி செய்தார். தமிழர்களே இல்லாத இடமாகப் பார்த்துப் போவதாகச் சொன்னார். எந்த இடம் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. "நீரும் கச்சேரி பாக்குற கூட்டந்தான வே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து மாதுங்கா ஸ்டேஷனில் தலைவரைப் பார்த்தேன். என் சிநேகிதரைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டேன். தலைவர் கொஞ்சம் யோசித்தார். யாரைக் கேட்கிறேன் என்று புரிந்ததும் முகம் மலர்ந்தது.

"நல்ல ஐட்டம் அவன். அதுமாதிரி ஒண்ணு அப்புறம் அமையல பாத்துக்கிடும்."

ரயில் வந்தது. ஏறும்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் கச்சேரி, புதுசாக டிரம் செட் வாங்கியிருக்கிறோம், நீரும் வந்துவிடும் என்றார். போனேன். டிரம் செட் நன்றாக இருந்தது.