கல்லறையில் அழைத்த விருந்தாளி

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு சிரிப்பு வராது. உழவர்கரையில் என் பக்கத்து வீட்டுப் பூவிழிக்கு நிஜமாகவே நடந்தது இது. அவளுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் உளறிக் கொட்டிவிடுவாள். இதைச் சொன்னபோது உளறவில்லை. முகத்தில்தான் ஈயாடவில்லை.

அவள் கணவன் வீட்டார் ஒரு பிரெஞ்சு சிப்பாயின் வம்சம். பட்டாளத்தை விட்டபின் ஊர் திரும்பாமல், இங்கேயே நிலம் வாங்கித் தங்கிப்போன ஆள். வீட்டில் அவரைச் 'சொல்தா' என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம். அவர் கல்லறை எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. பூவிழிக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது தங்கியதும் மாமியார் அமலோற்பவம் ஆரம்பித்துவிட்டார்.

"சொல்தாவுக்கு இந்த வூட்ல யாரும் ஒரு மெழுகுவத்தி கூட ஏத்துனதில்ல. அதான் புள்ள தங்கல. போய்த் தேடுடி."

இந்தப் பிள்ளையாவது பிழைக்க வேண்டுமே! பாவம், மாதா கோயில் கோயிலாக அலைந்து விசாரித்தாள். டவுன் கல்லறைத் தோட்டம் என்று தெரிந்தது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சுண்ணாம்பு வாளியோடு போனாள். பட்டப்பகல். சுற்றிலும் ஜனங்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரத் தேடற?"

பின்னால் ஒரு பெரியவர். வேட்டி, வெறுங்கால். காலையில் பெய்த மழையில் எல்லோருக்கும் கணுக்கால்வரை சேறு. அவர் காலில் மட்டும்... துளி சேறில்லை.

"சொல்தா கல்லறைங்க. எங்க வீட்டுக்காரர் வம்சம்."

மூலையில் பெயரில்லாத ஒரு செங்கல் மேட்டைக் காட்டினார். "உங்க வம்சத்து ஆளு இங்கதான் இருக்காரு. எத்தினி மாசம்?"

வயிறு இன்னும் வெளியே தெரியாத நேரம். பூவிழிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றினாள். காற்று வீசியது. சுடர் ஆடவே இல்லை.

கிளம்பும்போதுதான் அந்தத் தப்பைச் செய்தாள். கல்லறையில் யாரையும் வீட்டுக்கு அழைக்கக் கூடாது. ஆனால் நம் வாய் சும்மா இருக்குமா?

"ரொம்ப நன்றிங்க. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க."

"கூப்புட்டியா...? வர்றேன்."

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆண். வீடே கொண்டாடியது. பூவிழிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. கேட்டில் 'க்ளக்' என்று சத்தம் கேட்கும். ஓடிப் பார்ப்பாள். யாரும் இருக்கமாட்டார்கள். வந்து உட்காருவாள்.

க்ளக்...

ஒரு நாள் சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பினாள். மாமியார் பூரித்துப்போய் நின்றார்.

"யாரோ பெரியவரு வந்தாரு. நீதான் வரச் சொன்னியாமே? புள்ளைய மடியில வச்சிக்கினு அப்படி அழுவறாரு!"

"எங்க அவரு?"

"போயிட்டாரு. புள்ளையத் திருப்பிக் குடுக்க மனசே இல்ல. மறுக்கா வர்றேன்னாரு."

பூவிழி ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிப் பார்த்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. உடம்பு மட்டும்... சில்லென்று இருந்தது.

மறுநாள் விடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினாள். சொல்தா கல்லறை என்று அவள் காட்டிய மூலையைப் பார்த்ததும் காவல்காரர் பக்கிரி தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ, இதுக்கா வெள்ளயடிச்ச? சொல்தா அந்தப் பக்கம், சிலுவையோட இருக்காரும்மா. இவன் சொல்தா சுட்டுப்போட்ட ஆளு. பூட்டன் காலத்துலேந்து எங்க வூட்ல சொல்லுவாங்க."

"எதுக்குச் சுட்டாரு?"

"சொல்தாவுக்குப் புள்ள கெடையாது. இவன் புள்ளயத் தூக்கியாந்து தம் பேர வச்சி வளத்தாரு. இவன் திருப்பிக் கேக்க வந்தான். சுட்டுட்டாரு. அந்தப் புள்ள வழிதாம்மா உங்க வூட்டு ஆளுங்க எல்லாம்."

பூவிழி வாசலை நோக்கித் திரும்பினாள். பக்கிரி விடவில்லை.

"சாகறப்ப ஒண்ணுதான் சொன்னானாம். 'எம் புள்ளய எடுத்துக்கினுதான் போவேன்...'"

குழந்தை அப்போது வீட்டில், மாமியார் மடியில் இருந்தது.